தலைக்கணக்கு

சபை வளர்ச்சி பற்றிய கருத்தரங்கு ஒன்றில் கொடுத்த படிவம் கொஞ்ச காலமாக என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பத்து ஆண்டுக்கு முன்பு ஞாயிறு ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள், இப்போது எத்தனை பேர்; ஞானஸ்நானம் எத்தனை, திடப்படுத்தல் எத்தனை; ஆண்டுக் காணிக்கை எவ்வளவு; ஆலயம் எத்தனை சதுர அடி. எல்லாவற்றையும் நிரப்பிக் கூட்டினால் சபை ஆரோக்கியமாக இருக்கிறதா, சுமாரா, கவனம் தேவையா என்று மதிப்பெண் வந்துவிடும். எங்கள் சபைக்கு நல்ல மதிப்பெண். கூட வந்த கமிட்டிக்காரர்களுக்கு ஒரே பெருமை. திரும்பும்போது மார்த்தாண்டம் மேம்பாலம் தாண்டும்வரை அதே பேச்சு. எனக்கு மட்டும் உள்ளே இடித்துக்கொண்டே இருந்தது. நான் பார்த்தவரையில் எங்கள் சபைக்கு அதைவிட மோசமான வருஷம் இருந்ததில்லை. இரண்டு குடும்பத்தார் ஆலய வளாகத்திலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டது, வாலிபர் ஐக்கியம் கூடாமலே போனது, செயலரும் கணக்கரும் முகம் பார்த்துப் பேசாமல் நோட்டீசில் மட்டும் அடுத்தடுத்து இருந்தது எல்லாம் அந்த வருஷம்தான். படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.

கூட்டம் வருவதைக் குறை சொல்லவில்லை. காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பிரசங்கம் செய்ய எந்தப் போதகருக்கும் ஆசை இருக்காது. ஆனால் நம்ம மாவட்டத்தில் தலை எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் கிட்டத்தட்ட 47 சதவீதம். தமிழ்நாடு முழுவதற்கும் எடுத்தால் 6 சதவீதம்தான். 2001-இலிருந்து 2011 வரை மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 11 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் கூடியது. வீட்டுக்கு ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை; அதிலும் ஒன்று வளைகுடாவில், இன்னொன்று பெங்களூரில். நிலைமை இப்படி இருக்க, ஒரு சபை பத்து வருஷத்தில் இரண்டு மடங்கு ஆனது என்று சொன்னால் அந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பாலும் அடுத்த தெருச் சபையிலிருந்து. அவர்கள் அங்கே குறைந்ததை யாரும் எழுதுவதில்லை, இங்கே கூடியது மட்டும் சாட்சியாக வாசிக்கப்படுகிறது.

சண்டையில் பெருகியவை

மார்த்தாண்டத்திலிருந்து கருங்கல் வழியாகப் போகிற பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் ஆலயங்கள்தான். வெளியூர் நண்பர்கள் வந்தால் அசந்துபோகிறார்கள். நமக்குத் தெரியும், இதில் எத்தனை ஜெபத்தில் பிறந்தது, எத்தனை கோபத்தில் பிறந்தது என்று. கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கவில்லை, செயலர் தேர்தலில் தோற்றுவிட்டார், பிரதிஷ்டை விழா நோட்டீசில் பெயர் கீழே வந்துவிட்டது. அப்புறம் என்ன, நாலு குடும்பம் சேர்ந்து ஒரு ஓலைப்பந்தல், ஆறு மாதத்தில் ஷீட் போட்ட ஹால், சில வருஷத்தில் கான்கிரீட். கருத்தரங்குப் படிவத்தின்படி பார்த்தால் ஒரு சபை இரண்டாகிவிட்டது, அமோக வளர்ச்சி. எங்கள் ஊரில் சபைகள் ஊழியத்தால் பெருகியதைவிடச் சண்டையால் பெருகியதே அதிகம் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

இதோடு சாதியையும் சொல்லாமல் போகமுடியாது. சபை வளர்ச்சி என்ற இந்தத் துறைக்கே அடித்தளம் போட்ட டொனால்ட் மெக்காவ்ரன் 1897-இல் மத்திய இந்தியாவின் தமோவில் பிறந்தவர். மிஷனெரி குடும்பம். பின்னாளில் அமெரிக்காவில் ஃபுல்லர் இறையியல் கல்லூரியின் மிஷன் பள்ளிக்கு முதல் தலைவர் ஆனார். இனம், மொழி, வர்க்கம் என்ற எல்லைகளைத் தாண்டாமலே கிறிஸ்தவர்களாக மனிதர்கள் விரும்புகிறார்கள், ஆகவே ஒரே வகை மக்களிடையே சபை வேகமாக வளரும் என்பது அவர் கண்டது. இந்தியாவில் நடந்த கூட்டு மனமாற்றங்களைப் பார்த்து அவர் வந்த முடிவு இது. கவனிப்பு சரிதான். நம்ம ஊரில் ஒரு ஆலயத்தின் பெயர்ப்பலகையில் எதுவும் எழுதியிருக்காது, ஆனாலும் அது யாருடைய ஆலயம் என்று பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும். அப்படி வளர்ந்தது வளர்ச்சி. அது ஆரோக்கியமா என்பது வேறு கேள்வி. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் பள்ளியும் அச்சகமும் நடத்திய லண்டன் மிஷன் மிஷனெரி சார்லஸ் மீட், 1850களின் தொடக்கத்தில் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். உடனிருந்த மிஷனெரிகளாலேயே அதை ஏற்க முடியவில்லை. அவர் மிஷனை விட்டு விலக நேர்ந்தது. சபை நன்றாக வளர்ந்துகொண்டிருந்த காலம்தான் அது.

கணக்கப்பிள்ளைகள்

எண்ணிக்கை என்று பார்த்தால் பிரான்சிஸ் சவேரியாரை யாரும் மிஞ்சமுடியாது. 1545 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகச் சொல்கிறார். நம்ம கடற்கரை ஊர்கள்தான். இன்றைய எந்த எழுப்புதல் கூட்டமும் இதன் பக்கத்தில் வராது. ஆனால் என்னை யோசிக்கவைப்பது அந்தப் பத்தாயிரம் இல்லை. சவேரியார் போய்விட்டார், 1552-இல் சீனக் கரையோரத்தில் இறந்தும் போனார். ஒரு குருவானவரை வருஷத்தில் எப்போதாவது பார்த்த ஊர்கள், ஓலைக் கோயில்கள். அப்படியும் அந்தக் கடற்கரை நானூற்றி எழுபது ஆண்டுக்கு மேலாகக் கத்தோலிக்கக் கடற்கரையாகவே நிற்கிறது. எப்படி?

பதிலில் ஒரு பகுதி கணக்கப்பிள்ளைகளிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஊருக்கு ஒரு உள்ளூர் ஆளை நியமித்து, தமிழில் எழுதிய செபங்களின் ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் சவேரியார் அடுத்த ஊருக்கு நகர்ந்தார். பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் செபம் சொல்லிக்கொடுப்பது, சாகக்கிடக்கிற குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பது, ஊரில் நடப்பதைச் சாமியாருக்குத் தெரிவிப்பது அவர் வேலை. சம்பளமும் உண்டு. கிழக்கே முத்துக்குளித்துறையில் இந்த வேலைக்காரர்களுக்குக் கொடுக்க, போர்த்துகல் ராணியின் காலணிச் செலவுக்கென்று அங்கிருந்து போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தை சவேரியார் கேட்டு வாங்கினார். ராணியின் செருப்புக் காசில் உபதேசியார் சம்பளம்! எந்தச் செலவை வெட்டி எந்தச் செலவுக்குக் கொடுக்கவேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. நம்ம கமிட்டிகளுக்கு இது கொஞ்சம் தெரிந்தால் போதும்.

மயிலாடிப் பக்கமும் இதே கதைதான். 1806-இல் வந்த லண்டன் மிஷன் மிஷனெரி ரிங்கல்தௌபே பத்து ஆண்டுகள் இருந்துவிட்டு 1816-இல் கிளம்பிவிட்டார். வரிக்கொடுமையிலிருந்தும் கட்டாய வேலையிலிருந்தும் தப்பிக்க வழி உண்டா என்று பார்த்துத்தான் பலரும் வருகிறார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வந்தவர்களுக்கெல்லாம் அவசரப்பட்டு ஞானஸ்நானம் கொடுத்துவிடவில்லை. அவர் போய் அடுத்த மிஷனெரி வந்துசேரும்வரை சபைகளைக் கட்டிக்காத்தவர்கள் மயிலாடிக்காரர் மகாராசன் வேதமாணிக்கமும் ஊர் ஊராக நடந்த உபதேசிமார்களும்தான். அவர்களுக்குத் தங்கள் ஊர் ஆட்களை வீடு வீடாகத் தெரியும். யார் வீட்டில் கஞ்சி இல்லை, யார் வரி கட்டாமல் காவலில் இருக்கிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை எல்லாம் தெரியும்.

அந்தப் பொதுக்கூட்டம்

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன அந்த மோசமான வருஷத்தின் முடிவில் எங்கள் சபையின் ஆண்டுப் பொதுக்கூட்டம். ஆராதனை முடிந்து பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு மத்தியானச் சாப்பாட்டு நினைப்பு. பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு இரட்டைக் கோபுரத்தோடு புதிய ஆலயம் என்பதுதான் அன்றைய முக்கியப் பொருள். அதற்கு முன்னால் சம்பிரதாயத்துக்கு வரவு செலவு வாசிக்கவேண்டும். கணக்கர் வழக்கம்போல ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டு போனார். சங்கீர்த்தனக் காணிக்கை, ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம், கல்யாணக் காணிக்கை, அப்புறம் செலவு. ஜெனரேட்டர் டீசல், மைக்செட் வாடகை, விருந்தினர் உபசரிப்பு, பொன்னாடை, நோயாளர் உதவி, பெயின்ட். "கணக்கை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்கவும்" என்று செயலர் சொல்ல வாயெடுத்தார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். எல்லாரும் அண்டியாபீஸ் மாமி என்று கூப்பிடும் அம்மா. அண்டியாபீஸ் என்றால் முந்திரி ஆலை; அங்கே முப்பது நாற்பது வருஷம் முந்திரி உடைத்தவர். கொட்டையெண்ணெய் ஏறி விரல் நுனிகள் இன்றைக்கும் கறுத்துத்தான் இருக்கும். காணிக்கைப் பை வரும்போது அந்த விரல்களை நான் பார்த்திருக்கிறேன், மடித்து மடித்துச் சின்னதாக்கிய நோட்டோடு. மாமி பொதுக்கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

"கொஞ்சம் மெதுவா படி மக்ளே. எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல."

சிலர் சிரித்தார்கள். கணக்கர் சின்னப் பையன், மாமியின் ஓய்வுநாள் பள்ளி மாணவன்கூட. திரும்ப வாசித்தான். நோயாளர் உதவி வந்ததும் மாமி நிறுத்தச் சொன்னார். அந்தத் தொகை பொன்னாடைச் செலவைவிடக் குறைவு என்பது மெதுவாக வாசித்தபோதுதான் எங்கள் எல்லாருக்கும் காதில் விழுந்தது. "ஆருக்குக் குடுத்திய?" என்றார். பையன் நோட்டைப் புரட்டினான். வவுச்சரில் 'பலருக்கு' என்று மட்டும்தான் இருந்தது. மாமி ஒரு பெயரைச் சொன்னார். சர்க்கரை வியாதியில் கால் எடுத்து ஒன்றரை வருஷமாகக் கட்டிலில் கிடக்கிற ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. "அந்தப் பலர்ல அவன் உண்டா?"

இல்லை. அதுமட்டும் இல்லை, கோபுர நிதி ரசீதுப் புத்தகத்தோடு இரண்டு கமிட்டிக்காரர்கள் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். சபையிலிருந்து அந்த வீட்டுப் படி ஏறிய ஒரே தடவை அதுதான். இதையும் மாமிதான் சொன்னார், சத்தம் உயர்த்தாமல். ஒருவர் எழுந்து, "கேள்வி கேக்கதுக்கு இது என்ன சந்தையா?" என்றார். வேறொருவர் மாமியைப் பின்னாலிருந்து யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்றார். எங்கள் சபையில் எந்தக் கேள்விக்கும் முதல் பதில் இதுவாகத்தான் இருக்கும். இந்த இடத்தில் வழக்கமாகக் கூட்டம் இரண்டு கட்சியாகும், அடுத்த ஞாயிறு ஒரு கட்சி வராது, அப்புறம் எங்காவது ஓலைப்பந்தல்.

அந்த வருஷம்தான் மாற்றலாகி வந்திருந்த போதகர் அதுவரை வாய் திறக்கவில்லை. எழுந்து, "அம்மா கேட்டது சரியான கேள்வி. அடுத்த ஞாயிறு பெயரோடு கணக்கு வரட்டும். அதுவரைக்கும் பாஸ் ஆகவேண்டாம்" என்றார். அவ்வளவுதான். மாமியைப் புகழவில்லை, கமிட்டியைத் திட்டவில்லை, வசனம் சொல்லவில்லை. கணக்கு நிறைவேறாமல் பொதுக்கூட்டம் கலைந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. வெளியே வந்தால் எல்லாரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒன்றாகத்தான் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் புதிய சிக்கல். உதவி வாங்கியவர்கள் பெயரை ஆலயத்தில் வாசித்தால் அவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்கள்? இதைக் கேட்டதும் மாமிதான். பெயரைக் கேட்டவரே பெயரை வாசிக்கக்கூடாது என்கிறாரே என்று சிலருக்கு எரிச்சல். கடைசியில், தொகை பலகையில் ஒட்டப்படும், பெயர்ப்பட்டியலைக் கமிட்டியில் இல்லாத மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள் என்று முடிவானது. மூன்று பேரில் மாமியும் ஒருவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசிப்பார். "இவளுக்கு இன்னும் வேணுமே" என்பார். கமிட்டிக்குப் பயம் வந்துவிட்டது, நல்ல பயம்.

குட்டைப் பலகை

கிறிஸ்டியான் ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானியர் 1990களில் 32 நாடுகளில் ஆயிரம் சபைகளுக்கு மேல் ஆய்வு செய்து, ஆரோக்கியமான சபைக்கு எட்டுப் பண்புகள் என்று பட்டியல் போட்டார். மற்றவர்களை வளர்த்துவிடும் தலைமை, அனலான ஆன்மிகம், மனதைத் தூக்கும் ஆராதனை, சிறு குழுக்கள், அன்பான உறவுகள் இப்படிப் போகும். பட்டியலைவிட அவர் சொன்ன பீப்பாய் உதாரணம் எனக்குப் பிடிக்கும். பலகைகளைச் சேர்த்துச் செய்த பீப்பாயில் எந்தப் பலகை குட்டையோ அதுவரைக்கும்தான் தண்ணீர் நிற்கும். மற்றப் பலகைகள் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பிரயோசனம் இல்லை. நம்ம சபைகளில் பாட்டுக்குக் குறைவில்லை, ஜெபத்துக்கும் குறைவில்லை. உபவாச ஜெபத்துக்கு வேலையை விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நம்முடைய குட்டைப் பலகை, ஒரு சாதாரண ஆள் எழுந்து கேள்வி கேட்டுவிட்டு அடுத்த ஞாயிறும் அதே பெஞ்சில் நிம்மதியாக உட்கார முடியாததுதான்.

ஆட்களைப் பெயர் பெயராகத் தெரிந்துவைத்திருப்பது என்ன செய்யும் என்பதை ஒக்கி புயலில் பார்த்தோம். 2017 நவம்பர் 30. கடலில் காணாமல் போன மீனவர்கள் இத்தனை பேர் என்று அரசு ஒரு எண்ணிக்கை சொன்னது, மறுநாள் இன்னொன்று சொன்னது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் எந்தப் படகில் யார் யார் போனார்கள், எந்த வீட்டில் யார் திரும்பவில்லை என்று பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலை வைத்துத்தான் அதிகாரிகளோடு வாதாடினார்கள். டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது, காணாமல் போனவர்கள் யார் என்பதைச் சொல்ல அவர்களுக்கு எந்த அலுவலகமும் தேவைப்படவில்லை. அந்தப் பங்குகளில் அன்பியம் என்று முப்பது நாற்பது வீடுகளாகப் பிரித்து மாதாமாதம் கூடுகிறார்களே, அதில் வெறும் செபமாலை மட்டும்தான் சொல்கிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் கிண்டல் செய்வதுண்டு. ஒக்கிக்குப் பிறகு நான் அந்தக் கிண்டலில் சேர்வதில்லை. எங்கள் சபையில் ஒரு ஆள் ஒன்றரை வருஷம் வராததைக் கவனிக்க ஒரு மாமி தேவைப்பட்டார். அதுவரைக்கும் அந்த ஆள் அங்கத்தினர் எண்ணிக்கையில் பத்திரமாக இருந்தார், கருத்தரங்குப் படிவத்திலும் ஒரு தலையாக.

சபையை விட்டுப் பக்கத்து ஜெபவீட்டுக்குப் போனவர்கள் சிலரிடம் கேட்டிருக்கிறேன். உபதேசம் பிடிக்காமல் போனவர்கள் குறைவு. "ஆஸ்பத்திரியில கிடந்தப்போ அந்தப் பாஸ்டர்தான் வந்தாரு, ராத்திரி முழுக்க இருந்தாரு." இவ்வளவுதான் விஷயம். இதை வைத்து அங்கே எல்லாம் சரி என்று நான் நினைக்கவில்லை. இருபது குடும்பம் இருக்கும்வரை பாஸ்டருக்கு எல்லார் வீடும் தெரியும், இருநூறு ஆனதும் அவருக்கும் எல்.இ.டி. திரையும் கார் பார்க்கிங்கும்தான் கவலை. எண்ணிக்கை கூடும்போது ஆளைத் தெரிவது குறையாமல் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு ஏற்பாடு வேண்டும். அது அன்பியமோ, வீட்டு ஜெபக்குழுவோ, கணக்கப்பிள்ளையோ, எதுவாகவும் இருக்கட்டும்.

எங்கள் கோபுரம் கட்டப்பட்டுவிட்டது, இரட்டைக்குப் பதில் ஒற்றை. மாமி கேட்ட கேள்வியால் சபை திருந்திவிட்டது என்று எழுதினால் எங்கள் ஊர்க்காரர்கள் வாசித்துவிட்டுச் சிரிப்பார்கள். செயலர் தேர்தலில் இப்போதும் சண்டை உண்டு, பொன்னாடையும் உண்டு. ஆனால் மாதக் கணக்கு பலகையில் ஒட்டுகிறது, கட்டிலில் கிடக்கிறவர் வீட்டில் மாதம் ஒருமுறை திருவிருந்து நடக்கிறது, வாலிபர்கள் மறுபடி கூடத் தொடங்கி ரத்ததானப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஞாயிறு கூட்டம் பழைய வருஷத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான். இப்போது நடந்துகொண்டிருக்கும் தகராறு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளை அங்கத்தினர் பட்டியலில் வைப்பதா எடுப்பதா என்பது. சந்தாவை அவர்கள் ஜிபே-யில் அனுப்பிவிடுகிறார்கள், ஆகவே இருக்கட்டும் என்கிறது கமிட்டி. அவர்களுடைய அப்பா அம்மா இங்கே தனியாக இருக்கிறார்களே, முதலில் அந்த வீடுகளின் பட்டியல் போடுங்கள் என்கிறார் மாமி. அடுத்த கூட்டத்தில் இதுதான் முதல் பொருள்.